வடிவமைப்புக்கும் விளையாட்டுக்கும் ஒரே மொனிற்றர்: 27 அங்குலத்தில் எதை எடுப்பது?

வாவிக்கரை (கல்லடி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கல்லடியில் வீட்டின் முன்னறையில் இருந்து வடிவமைப்பு வேலை செய்கிறேன். திருமண அல்பங்கள், பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ்கள், கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரங்கள், முப்பத்தோராம் நாள் நினைவுக் கல்வெட்டுகள் (இறந்தவரின் நினைவாக அச்சிடும் சிறு நூல்கள்) ஆகியவையே பெரும்பாலும் கைக்கு வருகின்றன. இரவு பத்து மணிக்குப் பிறகு அதே கணினியில் வலோரண்ட் விளையாடுவேன். எட்டு வருடங்களாகப் பாவித்த 22 அங்குல மொனிற்றரின் பின்னொளி ஒரு பக்கமாக மங்கத் தொடங்கிவிட்டதால், இந்த மாதம் புதிதாக ஒன்றை எடுத்தே ஆக வேண்டும்.

என்னிடம் இருப்பது ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் அட்டை. கையில் உள்ள தொகை ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபாய். அதற்குள் மூன்று வகைகள் அடங்குகின்றன. முதலாவது, 1080பி தெளிவுத்திறனும் 165 ஹேர்ட்ஸ் வேகமும் (ஒரு செக்கனில் திரை காட்டும் படங்களின் எண்ணிக்கை) கொண்ட வளைந்த விஏ பெனல்; இது மற்றவற்றைவிட நன்றாகவே மலிவு. இரண்டாவது, 1440பி, 180 ஹேர்ட்ஸ் ஐபிஎஸ். மூன்றாவது, 4கே ஐபிஎஸ், ஆனால் 60 ஹேர்ட்ஸ் மட்டும். மூன்றும் 27 அங்குலமே. விஏ, ஐபிஎஸ் என்பவை பெனலின் இரண்டு வகைகள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அண்மையில் நான் செய்து கொடுத்த அல்பம் அச்சாகி வந்தபோது மணப்பெண்ணின் கூறைச்சேலை கருஞ்சிவப்பாகவும் முகங்கள் இருண்டும் இருந்தன. என் திரையில் அவை நன்றாகவே தெரிந்தன. அதிக நிறப்பரப்புள்ள, அதாவது கூடுதல் நிறங்களைக் காட்டக்கூடிய திரையை எடுத்தால் இந்தத் தொல்லை தீருமா?

கல்முனை அச்சுக்காரன் எழுதியது:

ஸலாம் தம்பி. முதலாவதை இப்போதே பட்டியலில் இருந்து வெட்டிவிடுங்கள். காரணம் வேகமும் அல்ல, நிறமும் அல்ல, தமிழ் எழுத்து.

27 அங்குலத்தில் 1080பி என்றால் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 82 பிக்சல்கள்தான் கிடைக்கும். உங்கள் பழைய 22 அங்குலத் திரையும் 1080பி என்றால் அதில் ஏறத்தாழ நூறு இருந்திருக்கும். ஆகவே புதிதாகக் காசு கொடுத்து இருந்ததைவிடச் சொரசொரப்பான திரையை வாங்கியவர் ஆவீர்கள். அதே 27 அங்குலத்தில் 1440பி என்றால் சுமார் 109, 4கே என்றால் சுமார் 163. ஆங்கில எழுத்துக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றாமல் இருக்கலாம். நம்முடைய எழுத்தோ சுழிகளால் ஆனது. இரண்டு சுழி ‘ன’கரமும் மூன்று சுழி ‘ண’கரமும் சிறிய அளவில், அதுவும் பாமினி எழுத்துருவில், முழுப் பக்கத்தையும் ஒரே பார்வையில் வைத்துப் பார்க்கும்போது ஒரே கறுப்புப் புள்ளியாக ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் அச்சகத்தில் ஒருமுறை கல்வெட்டு ஒன்றின் முகப்பிலேயே, இறந்தவரின் பெயரில் இருந்த ‘ண’கரம் ‘ன’கரமாகப் போய்விட்டது. திரையில் இருவர் பார்த்தோம்; இருவருக்கும் தெரியவில்லை. முந்நூறு பிரதிகளுக்கு முகப்பு அட்டையை மறுபடி அடித்துக் கொடுத்தது எங்கள் கைக்காசில். அதன் பிறகுதான் திரையின் பிக்சல் அடர்த்தி என்பதை நான் கணக்கில் எடுக்கத் தொடங்கினேன்.

அதற்காக 4கேக்குத் தாவிவிடவும் வேண்டாம். உங்களிடம் பழைய பேஜ்மேக்கர் கோப்புகள் வருகின்றனவா? அந்தப் பக்க வடிவமைப்பு மென்பொருளின் கடைசிப் பெரும் பதிப்பு 2001இல் வந்தது. 4கே திரையில் விண்டோஸை 150 வீதத்துக்குப் பெரிதாக்கி வைத்தால், ஒன்றில் அதன் பட்டியல்கள் எறும்பளவில் தெரியும், அல்லது முழுச் சாளரமும் பனி மூட்டத்துக்குள் இருப்பது போல மங்கும். 27 அங்குல 1440பியில் எதையும் பெரிதாக்காமல், 100 வீதத்திலேயே வேலை செய்யலாம். கிழக்கில் பாதி அச்சகங்கள் இன்னும் அந்தக் காலத்துக் கோப்புகளோடுதான் குடித்தனம் நடத்துகின்றன என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஒலுவில் மாணவன் எழுதியது:

நானா சொன்னதையே நான் விளையாட்டின் பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

60 ஹேர்ட்ஸ் திரை ஒவ்வொரு 16.7 மில்லிசெக்கனுக்கும் ஒரு படத்தைக் காட்டுகிறது. 144இல் அது 6.9 ஆகவும் 180இல் 5.6 ஆகவும் குறைகிறது. 60இல் இருந்து 144க்குப் போகும்போது ஏறத்தாழப் பத்து மில்லிசெக்கன் மிச்சமாகிறது. 144இல் இருந்து 180க்குப் போகும்போது ஒன்றரைகூட மிச்சமில்லை. முதல் தாவலைக் கண்ணும் கையும் உடனே உணரும். இரண்டாவது தாவலுக்காக நான் ஐயாயிரம் ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க மாட்டேன். பெட்டியில் 180 என்று இருப்பதும் 165 என்று இருப்பதும் உங்கள் முடிவைத் தீர்மானிக்க வேண்டிய விடயங்கள் அல்ல.

கிராபிக்ஸ் அட்டையையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1080பியில் ஏறத்தாழ 20.7 இலட்சம் பிக்சல்கள், 1440பியில் 36.9 இலட்சம், 4கேயில் 82.9 இலட்சம். 1660 சூப்பர் வலோரண்ட் போன்ற இலகுவான விளையாட்டை 1440பியில் தாராளமாக ஓட்டும். கனமான கதை விளையாட்டுகளை நடுத்தர அமைப்பில் வைத்தால் சமாளிக்கும். 4கே என்றால் மூச்சுத் திணறும். அத்தகைய வேளைகளில் பிரேம் எண்ணிக்கை ஏறி இறங்கும் என்பதால், அதற்கு ஏற்பத் திரையின் வேகத்தை மாற்றும் ஏஎம்டியின் பிரீசிங்க் வசதி உள்ள திரையாகப் பாருங்கள். உங்களது என்விடியா அட்டை என்றாலும் கவலையில்லை. 2019 ஜனவரியில் இருந்து டிஸ்பிளேபோட் இணைப்பு வழியாக அத்தகைய திரைகளையும் என்விடியா ஏற்றுக்கொள்கிறது.

விஏ பெனலை நான் இரண்டு வருடங்கள் பாவித்தேன். கறுப்பு உண்மையிலேயே கறுப்பாக இருக்கும். சாதாரண ஐபிஎஸ்ஸின் மாறுபாட்டு விகிதம் 1000க்கு 1 அளவில் இருக்க, விஏயில் அது 3000க்கு 1 வரையும் அதற்கு மேலும் போகும். ஆனால் இருண்ட நிறத்தில் இருந்து இன்னோர் இருண்ட நிறத்துக்கு மாறும்போது மலிவான விஏ பெனல்கள் தாமதிக்கும். நிழலில் ஓடும் எதிரியின் பின்னால் மை இழுபட்டது போல ஒரு கறை போகும். பெட்டியில் ‘1 மில்லிசெக்கன்’ என்று அடித்திருப்பதை நம்பி ஏமாற வேண்டாம். அந்த இலக்கம் பெரும்பாலும் மிகவும் சாதகமான ஓர் அமைப்பில் மட்டும் எடுக்கப்பட்டதாக இருக்கும்.

வாவிக்கரை எழுதியது:

நானாவுக்கும் தம்பிக்கும் நன்றி. அப்படியானால் 1440பி ஐபிஎஸ் என்பது ஏறத்தாழ முடிவாகிவிட்டது. ஆனால் அந்த வகுப்புக்குள்ளேயே இரண்டு நிற்கின்றன. ஒன்றில் ‘எஸ்ஆர்ஜிபி 99 வீதம்’ என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். மற்றதில் ‘டிசிஐ-பி3 95 வீதம், எஸ்ஆர்ஜிபி 125 வீதம்’ என்று இருக்கிறது. விலையில் பன்னிரண்டாயிரம் ரூபாய் வித்தியாசம். கூறைச்சேலையின் சிவப்பை ஒழுங்காகப் பார்ப்பதற்கு இரண்டாவதுதானே நல்லது?

நிழற்படக்காரி (களுவாஞ்சிகுடி) எழுதியது:

தம்பி, உங்கள் கூறைச்சேலை கறுத்ததற்கும் நிறப்பரப்புக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. திரையின் பிரகாசத்தை எந்த அளவில் வைத்திருந்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். நூறிலா?

நான் அல்ப வேலைக்கு வந்து பதினோரு வருடங்களாகின்றன. ‘அச்சு இருட்டாக வந்துவிட்டது’ என்று என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோரின் திரை, தொழிற்சாலையில் இருந்து வந்த அதே முழுப் பிரகாசத்தில்தான் இருந்தது. புதிய மொனிற்றர்கள் 250, 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) வெளிச்சத்தோடு பெட்டியில் இருந்து வெளியே வருகின்றன. அச்சு வேலைக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவது 80 முதல் 120 நிட்ஸ் வரைதான். வெளிச்சம் மிகுந்த திரையைப் பார்த்துப் படத்தைத் திருத்தும்போது, நம்மை அறியாமலே படத்தை இருட்டாக்கிவிடுகிறோம். காகிதத்துக்குச் சொந்த ஒளி கிடையாது. ஆகவே அந்த இருட்டு முழுவதும் அதில் இறங்கிவிடுகிறது.

கருவி எதுவும் இல்லாமல் இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. போட்டோஷொப்பில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து முழுத் திரையில் வையுங்கள். நீங்கள் வழக்கமாக வேலை செய்யும் விளக்கின் கீழ், அல்பம் அச்சிடும் அதே வகைத் தாளில் அச்சில்லாத ஒரு துண்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். தாள் சாம்பல் நிறமாகவும் திரை ரியூப்லைற் போலவும் தெரிந்தால், இரண்டும் ஒரே வெள்ளையாகத் தெரியும்வரை பிரகாசத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். என் திரை 22இல் வந்து நின்றது. முதல் இரண்டு நாட்கள் ‘ஏன் இப்படி மங்கலாக இருக்கிறது’ என்று எரிச்சல் வரும். பிறகு கண் பழகிவிடும்.

இனி நிறப்பரப்பு. எஸ்ஆர்ஜிபி என்பது 1996இல் எச்பியும் மைக்ரோசொப்டும் சேர்ந்து முன்வைத்த நிற அளவுகோல்; 1999இல் அது சர்வதேசத் தரமானது. இணையமும், நாம் அல்பம் அனுப்பும் ஆய்வுகூடங்களில் பெரும்பாலானவையும், விளையாட்டுகளில் மிகப் பலவும் இன்றும் அதையே எதிர்பார்க்கின்றன. டிசிஐ-பி3 என்ற மற்ற அளவுகோலின் நிறப்பரப்பு அதைவிடச் சுமார் கால்வாசி பெரியது. உங்கள் கோப்பு எஸ்ஆர்ஜிபி ஆகவும் திரை பி3 ஆகவும் இருந்து, இடையில் நிறத்தை மொழிபெயர்க்க ஒருவரும் இல்லாவிட்டால், எல்லாமே தேவைக்கு மேல் செழித்துத் தெரியும். போட்டோஷொப்பில் திரையின் நிறவிபரக் கோப்பு சரியாக அமைந்திருந்தால் அந்த மொழிபெயர்ப்பு நடக்கும். விண்டோஸின் முகப்புத் திரையிலும் பெரும்பாலான விளையாட்டுகளிலும் நடக்காது. மணமகனின் முகம் வெயிலில் வெந்தது போலத் தெரிய, நீங்கள் அந்தச் சிவப்பைக் குறைக்க, அச்சில் அவர் காய்ச்சல்காரர் போல வெளிறி வருவார். உங்கள் இப்போதைய தொல்லையின் மறுபக்கம் இது, அவ்வளவுதான்.

‘125 வீதம்’ என்ற எழுத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது பரப்பளவின் ஒப்பீடு. எஸ்ஆர்ஜிபியின் எல்லா நிறங்களையும் அந்தத் திரை காட்டும் என்ற வாக்குறுதி அல்ல. உங்கள் காணியைவிடப் பெரிய காணி ஒன்று பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக உங்கள் காணி அதற்குள் அடங்கிவிட்டது என்று சொல்ல முடியுமா? ‘உள்ளடக்கும் வீதம்’ என்று தனியாகப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஆகவே பி3 திரையை எடுப்பதானால், அதில் எஸ்ஆர்ஜிபிக்குள் அடக்கி வைக்கும் தனி அமைப்பு இருக்க வேண்டும். அந்த அமைப்பில் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்க முடிய வேண்டும். இந்த இரண்டாவதைக் கடையிலேயே பொத்தானை அழுத்திப் பாருங்கள். பல விளையாட்டு மொனிற்றர்களில் எஸ்ஆர்ஜிபி அமைப்பைத் தெரிவு செய்த உடனே பிரகாசக் கட்டுப்பாடு சாம்பல் நிறமாகிப் பூட்டிக்கொள்ளும். பிறகு நான் மேலே சொன்ன தாள் சோதனையைச் செய்யவே வழியிருக்காது.

ஏறாவூர் வெளிச்சம் எழுதியது:

எல்லோரும் 1440பி என்று ஒரே குரலில் சொல்வதால் எதிர்க்குரல் ஒன்றும் இருக்கட்டும். நிழற்படம்தான் வருமானம் என்றால், அதற்குத்தான் முதலிடம் கொடுக்க வேண்டும். 4கேயில் தோலின் நுண்ணிய அமைப்பும் தலைமுடியின் ஓரமும் தெரிகிற தெளிவு 1440பியில் வராது. பின்னணி வெட்டும் வேலையில் அது நேரத்தை மிச்சப்படுத்தும். விளையாட்டுக்கு வேண்டுமானால் விளையாட்டுக்குள் மட்டும் தெளிவுத்திறனைக் குறைத்துக்கொள்ளலாமே? தொகை கொஞ்சம் கூடினால், ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓலெட் திரையையும் பாருங்கள். அதன் கறுப்புக்கு முன்னால் ஐபிஎஸ் நிற்கவே முடியாது.

கல்முனை அச்சுக்காரன் எழுதியது:

தெளிவு பற்றிச் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் முடியின் ஓரத்தை வெட்டும்போது எல்லோரும் 200 வீதத்துக்குப் பெரிதாக்கித்தானே வெட்டுகிறோம்? அந்த வேலையில் 1440பி யாரையும் கைவிட்டதில்லை. தெளிவுத்திறனைக் குறைத்து விளையாடினாலும் அந்தத் திரை 60 ஹேர்ட்ஸில்தான் நிற்கும். தம்பி சொன்ன பத்து மில்லிசெக்கன் திரும்பி வராது. 4கேயும் வேகமும் ஒன்றாக வேண்டுமென்றால் விலை வேறு, கிராபிக்ஸ் அட்டையும் வேறு.

ஓலெட் விடயத்தில் நான் முழுமையாக மாறுபடுகிறேன். விளையாட்டுக்கு மட்டும் என்றால் அதற்கு நிகர் இல்லை. பேஜ்மேக்கரின் கருவிப்பட்டியும் விண்டோஸின் கீழ்ப்பட்டையும் நாளுக்கு எட்டு மணித்தியாலம் அசையாமல் நிற்கும் திரையில், அந்த இடங்களின் பிக்சல்கள் மற்றவற்றைவிட வேகமாகத் தேய்ந்து நிழல் போலப் பதிந்துவிடும் ஆபத்து உண்டு. வேலை செய்யும் திரைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏறாவூர் வெளிச்சம் எழுதியது:

ஓலெட் பற்றி நானா சொன்னதை ஏற்கிறேன். 4கே பற்றி ஏற்கவில்லை; ஆனால் 1660 அட்டையோடு என்றால் வற்புறுத்தவும் மாட்டேன்.

மாமாங்கத்தார் எழுதியது:

பழைய சரக்கு பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டில் இருந்து வந்த பாவித்த மொனிற்றர் ஒன்றைச் சென்ற வருடம் ஒரு கடையில் பாதி விலைக்கு வாங்கினேன். கடையில் பளபளப்பான விளம்பரப் படம் ஒன்றைத்தான் ஓடவிட்டார்கள். வீட்டுக்கு வந்து வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்தபோதுதான் இடது கீழ் மூலை தேநீர் பட்டது போல மஞ்சளித்திருப்பது தெரிந்தது. திருப்பிக் கொடுக்க முடியவில்லை. வடிவமைப்பு வேலைக்கு அப்படி வாங்க வேண்டாம்.

புதியதை வாங்கினாலும், ஒரு யூஎஸ்பியில் முழு வெள்ளை, முழுக் கறுப்பு, நடுச் சாம்பல் ஆகிய மூன்று படங்களைக் கொண்டுபோய்க் கடையிலேயே போட்டுப் பாருங்கள். இறந்த பிக்சல் எத்தனை இருந்தால் மாற்றித் தருவார்கள் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். உத்தரவாதக் காலம் முடியும்வரை பெட்டியையும் உள்ளே இருக்கும் ரெஜிபோமையும் எறிய வேண்டாம். பழுதானால் அது கொழும்புக்குப் போய்த் திரும்ப வேண்டியிருக்கும். துணியால் சுற்றி பஸ்ஸில் ஏற்றிய திரைக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். விலை கேட்கும்போது 18 வீதப் பெறுமதி சேர் வரி உள்ளடங்கியதா என்றும் கேளுங்கள்.

வாவிக்கரை எழுதியது:

அக்கா, நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பழைய திரை நூறில்தான் இருந்தது. அது மங்கத் தொடங்கிய பிறகு, ஈடு செய்வதற்காக மாறுபாட்டையும் கூட்டி வைத்திருந்தேன். என் மேசை மேற்கு யன்னலுக்கு எதிரே இருக்கிறது. பின்னேரத்தில் வாவியில் பட்டுத் திரும்பும் வெயில் நேராகத் திரையில் விழும். அதை வெல்வதற்காக நானே வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன் என்பது இப்போதுதான் புரிகிறது.

நிறத்தைச் சரிப்படுத்தும் அளவுக் கருவியை இதோடு சேர்த்து வாங்க வேண்டுமா?

நிழற்படக்காரி (களுவாஞ்சிகுடி) எழுதியது:

மொனிற்றரைத் திருப்புவதற்கு முன் மேசையைத் திருப்புங்கள் தம்பி. யன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் வர வேண்டும். முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம், முகத்துக்கு எதிரேயும் வேண்டாம். அது முடியாவிட்டால் தடித்த திரைச்சீலை ஒன்று போதும். செலவு மிகக் குறைந்த திருத்தம் அதுதான்.

அளவுக் கருவி நல்லதுதான். கலிபிரைட், டேட்டாகலர் ஆகியோரின் கருவிகளோடு டிஸ்பிளேகல் என்ற இலவச மென்பொருளைச் சேர்த்துப் பாவிக்கலாம். ஆனால் அதைச் சொந்தமாக வாங்குவதற்குப் பதிலாக நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒன்றை வாங்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுற்றில் விடுகிறோம். களுவாஞ்சிகுடிப் பக்கம் வந்தால் ஒரு நாளைக்கு எடுத்துப் போகலாம். மிச்சமாகும் காசில் யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள்.

வாவிக்கரை எழுதியது:

இரண்டு கிழமைகளுக்குப் பிறகு வந்து எழுதுகிறேன்.

மட்டக்களப்பு நகரில் இரண்டு கடைகள் ஏறினேன். முதல் கடையில் இருந்த பி3 திரையில் எஸ்ஆர்ஜிபி அமைப்பைப் போட்டதும், அக்கா சொன்னது போலவே, பிரகாசப் பொத்தான் பூட்டிக்கொண்டது. கடைத் தம்பிக்கே அது புதுச் செய்தியாக இருந்தது. இரண்டாவது கடையில் ‘எஸ்ஆர்ஜிபி 99 வீதம்’ என்று மட்டும் இருந்த 1440பி, 165 ஹேர்ட்ஸ் ஐபிஎஸ் திரையைப் பார்த்தேன். மூன்று படங்களையும் போட்டேன். கறுப்புப் படத்தில் வலது கீழ் மூலையில் மெல்லிய வெளிறல் ஒன்று இருந்தது. தலையை நகர்த்தினால் அதுவும் மாறியதால், ஐபிஎஸ்ஸுக்கே உரிய மினுக்கம் என்று ஏற்றுக்கொண்டேன். பிறகு, இருண்டு போன அந்த அல்பத்தின் கோப்பைத் திறந்து, அச்சான பக்கத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தபடி பிரகாசத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். 26இல் இரண்டு சேலைகளும் ஒரே கருஞ்சிவப்பாக நின்றன. அச்சகம் ஒரு தவறும் செய்யவில்லை. நான் அனுப்பியதைத்தான் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அதையே வாங்கிவிட்டேன். தொண்ணூற்றிரண்டாயிரம் ரூபாய், வரியோடு. மேசையையும் திருப்பியாகிவிட்டது.

ஒரே ஒரு குறை. வலோரண்ட் முன்பு இருந்தது போலவேதான் இருக்கிறது. 165 ஹேர்ட்ஸின் மாயம் ஒன்றையும் காணவில்லை. பெட்டியில் வந்த எச்டிஎம்ஐ கேபிளில்தான் இணைத்திருக்கிறேன்.

ஒலுவில் மாணவன் எழுதியது:

அண்ணா, இரண்டு விடயங்கள். முதலாவது, டிஸ்பிளேபோட் கேபிள் ஒன்றை வாங்கி, அதைக் கணினியின் தாய்ப்பலகையில் அல்லாமல் கிராபிக்ஸ் அட்டையில் செருகுங்கள். உங்கள் திரையின் எச்டிஎம்ஐ துளை 165 வரை போகாமல் 144இல் நின்றுவிடக்கூடும். பிரீசிங்கும் உங்கள் அட்டையில் டிஸ்பிளேபோட் வழியாகத்தான் ஒழுங்காக வேலை செய்யும். இரண்டாவது, விண்டோஸ் தானாக 60ஐத்தான் தெரிவு செய்து வைத்திருக்கும். காட்சி அமைப்புகளுக்குள் போய், மேம்பட்ட காட்சி என்ற பகுதியில் புதுப்பிப்பு வீதத்தை 165 ஆக மாற்றுங்கள். மொனிற்றரின் பட்டியலில் ஓவர்டிரைவ் (பிக்சல் நிறம் மாறுவதை வேகமாக்கும் அமைப்பு) என்று இருப்பதை நடு நிலையிலேயே விடுங்கள். உச்சத்தில் வைத்தால் அசையும் பொருளுக்குப் பின்னால் வெள்ளை நிழல் ஒன்று விழும்.

வாவிக்கரை எழுதியது:

60இல்தான் இருந்தது தம்பி. இரண்டு கிழமையாக அப்படியே விளையாடியிருக்கிறேன். மாற்றிய உடனே சுட்டியை வட்டமாக ஆட்டிப் பார்த்தேன், அதிலேயே தெரிந்துவிட்டது. கேபிளை நாளை வாங்குகிறேன்.

அக்கா, ஞாயிற்றுக்கிழமை காலை களுவாஞ்சிகுடிக்கு வந்தால் கருவியை எடுக்கலாமா? அடுத்த கிழமை ஒரு கல்வெட்டு அச்சுக்குப் போகிறது. முகப்புப் படம் பழைய கறுப்பு வெள்ளை. அதைப் புதிய திரையில் பார்த்தபோது சாம்பல் நிறத்தில் இலேசான பச்சை கலந்திருப்பது போலத் தெரிகிறது. படத்திலா, திரையிலா என்று அளந்து பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும்.

நிழற்படக்காரி (களுவாஞ்சிகுடி) எழுதியது:

ஒன்பது மணிக்குப் பிறகு வாருங்கள். அளப்பதற்கு அரை மணித்தியாலம் முன்பே மொனிற்றரை இயக்கிச் சூடேற விடுங்கள். குளிர்ந்த திரையை அளந்தால் கணக்குப் பிழைக்கும். அந்தப் பழைய படத்தையும் கையோடு கொண்டு வாருங்கள், என் திரையிலும் போட்டுப் பார்த்துவிடலாம்.